எல்லாரும் ஏறியாச்சா

நெருஞ்சிப்பாளையம் சிறப்புப் பள்ளியின் வி.ஆர். கண்ணாடிக்குள் ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருந்த நீல நிற பஸ், புரட்டாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு, கண்ணாடியை விட்டு வெளியே வந்து பால் சொசைட்டி ஸ்டாப்பில் நின்றது. அதைப் பார்த்து ஊர் கேட்ட முதல் கேள்வி, இது பைபாஸ் வழியாகப் போகுமா, ஊருக்குள் சுற்றிப் போகுமா என்பதாக இருந்தது.

எஸ்தர் மிஸ்ஸுக்கு மட்டும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அந்த பஸ்ஸை அவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கைப்பிடி எந்தப் பக்கம், கண்டக்டர் என்ன சட்டை போட்டிருப்பார் என்று கண்ணாடி செய்து கொடுத்த பெங்களூர்க் கம்பெனிக்காரர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவளே அவள்தான். நாசரேத் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பனியன் சீமைக்கு வந்து, பல் தேய்ப்பதையும் பொத்தான் போடுவதையும் கடையில் மீதிச் சில்லறை வாங்குவதையும் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். மற்றவர்கள் யோசிக்காமல் செய்துவிடுகிற எந்தக் காரியத்தையும் அவளிடம் கொடுத்தால் பத்துப் படியாக, பன்னிரண்டு படியாகப் பிரித்து அட்டையில் படம் போட்டு ஒட்டிவிடுவாள். பஸ்ஸில் போவதை அவள் பதினான்கு படியாகப் பிரித்திருந்தாள்.

அதில் நாலாவது படி: எல்லாரும் ஏறிய பிறகு ஏறு.

அதை அவள் சும்மா எழுதவில்லை. முந்தின வருஷம் நிஜ டவுன் பஸ்ஸில், எட்டுப் பத்து வண்டியில், பேக்கரிப் பிரிவில் படித்த ஒரு பையனைக் கூட்டம் படிக்கட்டிலிருந்து கீழே தள்ளி அவன் கை முறிந்து போனது. தள்ளியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆளும், "இந்த மாதிரிப் புள்ளைங்களை எதுக்குங்க கூட்டத்துல கொண்டாந்து விடறீங்க" என்று எஸ்தரைத்தான் கேட்டார். அன்றைக்கு ராத்திரி அழுதுவிட்டு மறுநாள் காலையில் அவள் நாலாவது படியை எழுதினாள். கூடவே பதினோராவது படியையும் எழுதினாள்: யாராவது கையைப் பிடித்து இழுத்தால், விடு என்று மூன்று முறை சத்தம் போடு. அதை எழுதியதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனிக்காரர்கள் அவள் எழுதியதை அப்படியே கண்ணாடிக்குள் செய்து கொடுத்தார்கள். கண்ணாடியை மாட்டினால் காலை நேரம், மழை பெய்து ஓய்ந்தது மாதிரி கழுவி வைத்த ரோடு, புழுதியே இல்லாத ஒரு ஸ்டாப். நீல பஸ் வந்து நிற்கும். வேர்வையே இல்லாத ஒரு கண்டக்டர் இறங்கி, "மெதுவா ஏறுங்க, அவசரமில்லை" என்பார். பேப்பர் படிக்கிற ஒருவர், பூக்கூடை வைத்த ஒரு பாட்டியம்மா என்று ஐந்தே ஐந்து பேர் ஏறுவார்கள். வாசல் காலியாகும். அப்புறம் பிள்ளை ஏறி உட்கார வேண்டும். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கண்டக்டர் கேட்பார். பிள்ளை "ஏறியாச்சு" என்று வாயைத் திறந்து சொன்னால்தான் பஸ் நகரும். ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னாலும் அவர் முகத்தில் ஒரு சுளிப்பு வராது. பேச்சு வராத இரண்டு பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்தக் கண்ணாடிக்குள்தான் கற்றுக்கொண்டார்கள். சொன்னதை நம்பித்தான் கண்டக்டருக்குப் பழக்கம். பொய் சொல்லும் ஆள் ஒருவர் பஸ்ஸுக்குள் இருக்கக்கூடும் என்று அவரைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை, எஸ்தருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பாடத்தை எல்லாரையும்விட நன்றாகப் படித்தவள் மேகலா. பத்தொன்பது வயது. ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஆறு மாதம் பிடிக்கும். ஆனால் கற்றுக்கொண்டதை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. பேக்கிங் வகுப்பில் பனியனைக் கழுத்து நடுவில் வரும்படி மடித்து, சுருக்கமில்லாமல் கவரில் போட்டு, சைஸ் ஸ்டிக்கரை நேராக ஒட்டுவாள்; அவள் அடுக்கிய அடுக்கை ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் விலகியிருக்காது. அப்பா இல்லை. அம்மா ருக்மணி நூல் மில்லில் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுவாள். அந்த ஆடியில்தான் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு பனியன் கம்பெனியில் மேகலாவுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷத்தில் வெளியே வேலைக்குப் போகப்போகிற முதல் பிள்ளை அவள்தான். பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்ட தண்டபாணி நல்ல மனுஷன், ஆனால் கறாரானவர்.

"புள்ள வேலை சுத்தமா இருக்குதுங்க மிஸ், அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா தனியா வந்து தனியா போகோணும். துணைக்கு ஆள் வந்து விட்டுப் போறதெல்லாம் வேண்டாமுங்க, அப்புறம் ஆள் வராத அன்னிக்கு நானு என்ன பண்றது? ஒம்பது மணிக்கு கேட்டைச் சாத்திருவாங்க. முதல் மாசத்துல மூணு தடவை லேட்டுன்னா பேரை எடுத்துருவாங்க. இது எல்லாத்துக்கும் உண்டான ரூல்ஸுங்க."

எல்லாருக்கும் உள்ள சட்டம் என்றதும் எஸ்தருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. எல்லாருக்கும் உள்ளது எதுவும் அதுவரை அவள் பிள்ளைகளுக்கு வந்ததில்லை.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். அந்தத் திங்கட்கிழமைதான் மேகலா வேலைக்குப் போகிற முதல் நாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் டப்பா, பின்னால் இருபதடி தள்ளி மறைந்து மறைந்து வருகிற எஸ்தர். எட்டுப் பத்து டவுன் பஸ் வந்தது, வழக்கம்போல ஸ்டாப்பைத் தாண்டி நின்றது, கூட்டம் ஓடியது, மேகலா எல்லாரும் ஏறட்டும் என்று நின்றாள், எல்லாரும் ஏறுவதற்குள் பஸ் போய்விட்டது. எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அப்போதுதான் நீல பஸ் வந்தது. சக்கரம் புழுதியைக் கிளப்பவில்லை, டீசல் வாசனை இல்லை. கண்டக்டர் இறங்கி, "மெதுவா ஏறுங்க, அவசரமில்லை" என்றார். பேப்பர்காரரும் பூக்கூடைப் பாட்டியம்மாவும் மற்ற மூவரும் எங்கிருந்தோ வந்து ஏறினார்கள். மேகலா தனக்குத் தெரிந்த பஸ்ஸில் தனக்குத் தெரிந்தபடி ஏறி, மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டதற்கு "ஏறியாச்சு" என்றாள். எட்டு நாற்பதுக்குக் கம்பெனி கேட்டில் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் தெருவில் வீடு வீடாக நின்று, "நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு போனாள். ருக்மணி ஷிப்டு முடிந்து வந்து பள்ளிக்கு ஓடிவந்து, எஸ்தரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எஸ்தர் கடவுளுக்கு நன்றி சொன்னாள். கண்ணாடிக்குள் இருந்ததை வெளியே எப்படிக் கொண்டு வந்தாய் என்று அவரைக் கேட்கவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போனது. மேகலாவும் பால் பண்ணையிலும் அச்சுக்கூடத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்த இன்னும் நான்கு பிள்ளைகளும் மட்டும் அந்த பஸ்ஸில் போனார்கள். ஊர் எட்ட நின்று பார்த்தது. முதலில் அதைப் பள்ளிக்கூட வண்டி என்று நினைத்தார்கள். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போகப் பலருக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், நம்பர் பிளேட்டில் வெறும் நீலம்தான் இருந்தது, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்திலும் நீலம்தான் இருந்தது. அவர், வண்டி சம்பவ இடத்தில் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு அதே வண்டியில் ஏறி ஊருக்குப் போனார். அவர் ஏறிப் போனதைப் பார்த்த பிறகுதான் ஊருக்குத் துணிச்சல் வந்தது.

முதலில் ஏறியவள் ஸ்டாப்புக்கு எதிர்வீட்டு ஈஸ்வரி. ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் கேட்டதும், அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, "இன்னும் இல்லீங்க, சித்த நில்லுங்க, ரெண்டு விசில் பாக்கி இருக்குது" என்றாள். பஸ் நின்றது. அவள் இறங்கிப் போய், விசில் வந்து, சாதத்தை வடித்துப் பிசைந்து டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். அதுவரைக்கும் பஸ் நின்றது. கண்டக்டர் முகத்தில் சுளிப்பு இல்லை.

அவ்வளவுதான். நிற்கிற பஸ் என்ற செய்தி ஊருக்குள் பற்றிக்கொண்டது. பிறந்ததிலிருந்து பஸ்ஸின் பின்னால் ஓடியே காலம் கழித்த ஜனங்களுக்கு, தனக்காக ஒரு பஸ் நிற்கிறது என்ற சொகுசு கிடைத்தால் விடுவார்களா? தாடி மழிக்கிறவனுக்காக நின்றது, பால் கணக்குப் பார்க்கிறவருக்காக நின்றது, புடவைக்கு மேட்சாகப் பொட்டு தேடுகிறவளுக்காக நின்றது, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்காகவும் நின்றது. வரப்போகாத ஆட்களுக்காகக்கூட அதை நிறுத்தி வைத்தார்கள், மச்சான் ஒருவேளை வந்தாலும் வருவான் என்று. சீக்கிரம் போக வேண்டியவர்கள் உள்ளே ஏறியதும், இன்னும் பத்துப் பேர் கீழே நிற்க, "ஏறியாச்சு, ஏறியாச்சு" என்று கத்தினார்கள். கண்டக்டர் அதையும் நம்பினார். பஸ் போனது.

ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் தெளித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பஸ் ஏறிப்போன பிறகும் எலுமிச்சம்பழம் நசுங்காமல் முழுசாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் ஒருத்தி ஊறுகாய் போட்டாள். கண்டக்டருக்குப் பெண் கொடுக்கலாமா என்றுகூட ஒரு தரகர் யோசித்தார். "தம்பிக்கு எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று கேட்டதற்கு அவர், "மெதுவா ஏறுங்க, அவசரமில்லை" என்றார். நல்ல குடும்பத்துப் பையன், எதிர்த்துப் பேசுகிறதில்லை என்று தரகர் நாலு வீட்டில் சொல்லி வைத்தார். கண்ணாடிக்குள்ளிருந்து வந்த ஐந்து பயணிகளை முதலில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள், தள்ளி உட்கார்ந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள், எழுந்து நின்றார்கள். பூக்கூடையைத் தூக்கி மடியில் வைக்கச் சொன்னார்கள், மடியே இல்லாமல் நின்றுகொண்டிருந்த அந்தப் பாட்டியம்மா சிரித்தபடி அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒருநாள் அவர்கள் ஐந்து பேரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, ஐந்து பேருக்கு இடம் கிடைத்ததுதான் கண்டது. எட்டுப் பத்து டவுன் பஸ் ஆள் இல்லாமல் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு அந்த வழியில் வருவதை நிறுத்திக்கொண்டது.

இந்தக் கூத்தில் ஐந்து பிள்ளைகளும் தரையில் நின்றார்கள். நாலாவது படி. எல்லாரும் ஏறிய பிறகு ஏறு. கண்ணாடிக்குள் எல்லாரும் என்றால் ஐந்து பேர். நெருஞ்சிப்பாளையத்தில் எல்லாரும் என்பதற்கு முடிவே கிடையாது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் சந்துக்குள்ளிருந்து வந்தார். கடைசி ஆள் ஏறி, வாசல் காலியாகி, மேகலா வலது காலைத் தூக்கி முதல் படியில் வைக்கப் போகிற அந்த நொடியில் உள்ளேயிருந்து யாராவது "ஏறியாச்சு" என்றுவிடுவார்கள். அவள் காலைக் கீழே வைத்துவிடுவாள். கோபப்படவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மற்ற நான்கு பிள்ளைகளும் ஒரு வாரத்தில் வீட்டோடு நின்றுவிட்டார்கள். மேகலா நிற்கவில்லை. தினமும் ஏழே முக்காலுக்கெல்லாம் ஸ்டாப்பில் இருந்தாள். கூட்டம் மெலிந்த நாட்களில் எப்படியோ போய்ச் சேர்ந்தாள். இரண்டு நாள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது.

"ரெண்டு ஆயிருச்சுங்க மிஸ்" என்றார் தண்டபாணி போனில். "புள்ள அழுதுட்டே நின்னுது, எனக்கே சங்கடமாப் போச்சு. இன்னும் நாலு நாள்தான் மாசம் முடிய. அது தாண்டிட்டா நானே பெர்மனென்ட்டுக்கு எழுதிப் போடறேன். அந்த நாலு நாளு மட்டும் பாத்துக்குங்க."

எஸ்தர் ஊர்க்காரர்களிடம் போனாள். ஸ்டாப்பில் நின்று, இந்த பஸ் எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று சொன்னாள். தினமும் ஒரே ஒரு பிள்ளையை முதலில் ஏறவிட்டால் போதும் என்றாள்.

"அதுக்கென்னங்க மிஸ், தாராளமா ஏறட்டும்" என்றாள் ஈஸ்வரி. "யாரு வேண்டாம்னு சொன்னா? அந்தப் புள்ளதான் ஒதுங்கி ஒதுங்கி நிக்குது. நாங்க ஏறு அம்மிணின்னு சொல்லிட்டேதான் இருக்கறோம். நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்கன்னு அதுதான் கையக் காட்டுது. எத்தனை மரியாதை! நல்லா வளத்தியிருக்கறீங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊர் எஸ்தரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே வகுப்பில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் கட்டினாள். சமையல்காரம்மாவையும் வாட்ச்மேனையும் கூப்பிட்டு வாசலை அடைத்து நிற்கச் சொன்னாள். முதலில் மேகலாவுக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ரோடும் ஸ்டாப்பும் அப்படியே இருந்தன, பஸ் மட்டும் வரவே இல்லை. அது வெளியே அல்லவா ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூர்க் கம்பெனிக்குப் போன் போட்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறுகிற மாதிரி ஒரு பாடம் செய்து தர முடியுமா என்று கேட்டாள். அப்படி ஒரு பாடத்தை எந்த ஊர் டீச்சரும் இதுவரை கேட்டதில்லை மேடம் என்றார்கள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மேகலா, இப்ப புதுசா படிக்கப் போறோம். நீ முதல்ல ஏறணும். முன்னால நிக்கிற ஆளைத் தள்ளு" என்றாள்.

மேகலா வாட்ச்மேனைப் பார்த்தாள். "தாத்தா ஏறட்டும்."

"தாத்தா ஏற வேண்டாம். நீ தள்ளு."

"தள்ளக் கூடாது மிஸ். விழுந்துருவாங்க. கை ஒடிஞ்சிரும்."

"ஒடியாதுட்டி. தள்ளு!"

"நாலாவது," என்றாள் மேகலா. ஞாபகமில்லாத மிஸ்ஸுக்கு ஞாபகப்படுத்துகிற பொறுமையோடு, விரலை மடக்கிக் காட்டி, "எல்லாரும் ஏறின பொறகு" என்றாள்.

மூன்று நாள் சாயங்காலம் முழுக்க இதே பாடம். எஸ்தர் கெஞ்சினாள், மிட்டாய் கொடுத்தாள், கடைசியில் திட்டினாள், திட்டிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சுவரில் ஒட்டியிருந்த நாலாவது அட்டையைக் கிழித்தெடுத்தாள். அட்டை போனால் என்ன, அவள்தான் அந்தப் பிள்ளைக்குள் அதை ஏழு மாதம் அடித்து இறக்கியிருந்தாளே. அந்த மூன்று நாளும் காலையில் கூட்டம் குறைவாக இருந்து மேகலா தப்பிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மிச்சம் ஒரே ஒரு நாள்.

கடைசி நாள் முகூர்த்த நாளாகப் போயிற்று. எஸ்தர் எட்டு மணிக்கு ஸ்டாப்புக்குப் போனபோது கல்யாண வீட்டுக்காரர்கள் தாம்பாளத்தோடும் ஜமுக்காளத்தோடும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நீல பஸ் ஏழரையிலிருந்தே நிற்கிறதாம். மேகலா கம்பத்தோரம் நின்றிருந்தாள். தலையில் யாரோ கல்யாணக்காரி வைத்துவிட்ட ஒரு முழம் மல்லி. எட்டு இருபது ஆனது. கண்டக்டர் கேட்டார். "மாப்பிள்ளையோட சித்தப்பா குளிச்சிட்டிருக்காரு" என்றார்கள். எட்டு முப்பது ஆனது. சித்தப்பா வந்தார், அவருடைய செருப்பு வரவில்லை. பஸ்ஸுக்குள் மற்ற வேலைக்காரர்களும் அலுவலக ஆட்களும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். செருப்பு வந்தது. வாசலில் இன்னும் எட்டுப் பத்துப் பேர். ஆட்டோ ஒன்றையும் காணோம், எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன.

எஸ்தர் மேகலாவின் கையைப் பிடித்தாள். "வா, என்கூட ஏறு."

"எல்லாரும் ஏறல மிஸ்."

"பரவாயில்ல, வாட்டி. இன்னிக்கு ஒரு நாள், எனக்காக." இழுத்தாள். மேகலா காலை ஊன்றிக்கொண்டாள். எஸ்தர் இன்னும் பலமாக இழுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடி குழம்பியது, பிறகு தெளிந்தது. பாடம் ஞாபகம் வந்துவிட்டது.

"விடு!" என்று கத்தினாள் மேகலா. "விடு! விடு!"

மூன்று முறை. படித்தபடியே. கல்யாணக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "ஏனுங் மிஸ், புள்ளைய எதுக்குப் போட்டு இழுக்கறீங்க, பாவம்" என்றாள் ஈஸ்வரி ஜன்னலுக்குள்ளிருந்து. நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். எஸ்தர் கையை விட்டாள். விட்டதும் மேகலா கத்துவதை நிறுத்திவிட்டுச் சரியாகச் செய்தேனா என்று கேட்பது மாதிரி அவள் முகத்தைப் பார்த்தாள். சரியாகத்தான் செய்திருந்தாள்.

எட்டு முப்பத்தைந்து. எஸ்தருக்கு ஒரே யோசனைதான் மிச்சமிருந்தது: தானாவது ஒன்பதுக்குள் போய்த் தண்டபாணியின் காலில் விழுந்தாவது இன்றைக்கு ஒரு நாளைக்குப் பெயரை அடிக்காமல் நிறுத்த வேண்டும். போனில் சொன்னால் நடக்காது, நேரில் போய் நிற்க வேண்டும். வாசலில் நின்ற ஆட்களை இடித்துக்கொண்டு அவள் ஏறினாள். தாம்பாளம் வைத்திருந்த ஒருவரை முழங்கையால் தள்ளினாள். தள்ளுவது அவளுக்கு நன்றாகவே வந்தது. மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்தும் அந்தப் பிள்ளைக்கு வராத அத்தனை படியும் அவளுக்கு ஒரே மூச்சில் வந்தது.

"நீங்க ஏறுங்க மிஸ்" என்று கீழேயிருந்து மேகலா கையைக் காட்டினாள்.

கண்டக்டர் படியில் நின்று உள்ளே பார்த்தார். அவர் முகம் அன்றும் புதிதாகத் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "எல்லாரும் ஏறியாச்சா?"

சித்தப்பாவின் சம்சாரத்துக்கு என்னவோ ஞாபகம் வந்து அவள் வாயைத் திறப்பதை எஸ்தர் பார்த்தாள். இன்னும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் இன்னும் ஒரு கால் மணி நேரம் போகும். வாட்ச்சைப் பார்த்தாள். எட்டு முப்பத்தெட்டு.

"ஏறியாச்சு" என்றாள் எஸ்தர். "ஏறியாச்சு, போலாம், போலாம்!"

கண்டக்டர் நம்பினார். இத்தனை நாளில் அவர் எல்லாரையும் நம்பியிருக்கிறார், அவரை உண்டாக்கியவளை நம்பாமல் இருப்பாரா? பஸ் புழுதி கிளப்பாமல் நகர்ந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எஸ்தருக்கு உறைத்தது. நிறுத்துங்க என்று கத்தினாள். ஓடும் பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டருக்கு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேகலா கம்பத்தோரம், அடையாள அட்டையை நேராகத் திருப்பி விட்டுக்கொண்டு, அடுத்து வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டு நின்றாள்.

எட்டு ஐம்பத்தாறுக்கு எஸ்தர் கம்பெனி கேட்டில் இறங்கினாள். அதே பஸ்ஸிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர்கள் இருபது பேராவது இறங்கி அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். தண்டபாணி நோட்டும் கையுமாக நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வந்தாச்சுங்களா! அப்பாடா. புள்ள எங்கீங்க?"

"ஸ்டாப்புல நிக்குது சார்."

"என்னங்க மிஸ் இது! கடைசி நாளுங்க. எல்லாரும் ஏறுற வரைக்கும் அந்த பஸ்ஸு எடுக்காதுன்னு ஊரே சொல்லுது. புள்ள கீழ நிக்கறப்ப எவன் எடுக்கச் சொன்னது?"

எஸ்தர் வாயைத் திறந்தாள். கல்யாணம், சித்தப்பா, செருப்பு என்று அவளிடம் நிறையக் காரணம் இருந்தது. வரிசையாக எல்லாவற்றையும் சொல்லத்தான் வந்திருந்தாள்.

"நான்தான் சார்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அதற்குள் உள்ளே மணி அடித்தது. வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்த, அவர் நோட்டைப் புரட்டி மேகலாவின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.